எறியப்படுவது எது?

ஒரு பொருளை எறிவதற்கு முன் மனம் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது. 'இனி இது வேண்டா' என்னும் முடிவு முதலில் உள்ளத்தில் பிறக்கிறது. கை பின்னர் அதனை நிறைவேற்றுகிறது. நீதிமன்றத்தில் ஒருவருக்குத் தண்டனை விதிக்குமுன் சான்றுகளைக் கேட்கின்றனர், எதிர்வாதத்திற்கு இடமளிக்கின்றனர். குப்பைத் தொட்டியின் முன் நிற்கும் நாமோ நாள்தோறும் பல தீர்ப்புகளை எவ்வகை விசாரணையுமின்றி வழங்கிவிடுகிறோம். தீர்ப்புக்கு உள்ளானது எங்கே சென்றது, யார் கையில் சேர்ந்தது என்று திரும்பிப் பார்ப்பதுமில்லை. அன்றாடம் நிகழும் இச்சிறு செயலில் அறவினா ஒன்று அடங்கியுள்ளதா? அடங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதனை ஆராய, குப்பையைப் பொருளாகக் கொண்டு பல நாடுகளில் எடுக்கப்பட்ட திரைப்படங்கள் சிலவற்றைத் துணையாகக் கொள்வோம்.

திரைப்படத்தை ஏன் துணைக்கு அழைக்கவேண்டும் என்று சிலர் வினவக்கூடும். குப்பையின் தன்மையே மறைவதுதான். கறுப்புப் பையில் கட்டப்பட்டு, விடியுமுன் வண்டியில் ஏற்றப்பட்டு, ஊருக்கு வெளியே கொட்டப்படுவது அது. கண்ணுக்கு மறைந்தது கருத்துக்கும் மறைந்துவிடுகிறது. மறைந்ததை மீண்டும் கண்முன் நிறுத்தும் ஆற்றல் திரைப்படத்திற்கு உண்டு. பொழுதுபோக்கிற்கென்றே திரைப்படம் உள்ளது என எண்ணிப் பழகிய நமக்கு, அஃது அறநூலின் வேலையையும் செய்யவல்லது என்பதை இப்படங்கள் உணர்த்துகின்றன.

சொற்கள் கூறும் செய்தி

முதலில் நம் மொழியைச் சற்று நோக்குவோம். 'குப்பை' என்னும் சொல்லுக்குக் குவியல் என்பது பழைய பொருள். களத்தில் குவிந்த நெல்லும் ஒரு காலத்தில் குப்பை எனப்பட்டது. உழவர் வழக்கில் குப்பை என்பது எருவைக் குறிக்கும். 'குப்பையில்லா வெள்ளாமை சப்பை' என்பது பழமொழி. சாணமும் சருகும் சாம்பலும் மட்கி நிலத்திற்கே திரும்பிய காலத்தில், குப்பை செல்வத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. எவரும் விரும்பாத பொருள் என்று அச்சொல் சுருங்கிப்போனது நம் வாழ்க்கை மாறியதைக் காட்டுகிறது.

'கழிவு' என்னும் மற்றொரு சொல்லும் சிந்தனைக்கு உரியது. பத்திலிருந்து மூன்றைக் கழித்தால் ஏழு என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். கழிக்கப்பட்ட மூன்று எங்கே போயிற்று என்று எந்த மாணவனும் கேட்பதில்லை; கணக்கில் அக்கேள்விக்கு இடமுமில்லை. வாழ்க்கையிலோ கழிக்கப்பட்ட மூன்று எங்கேனும் ஓரிடத்தில் இருந்தே தீரும். கரும்பலகையில் மறைவது போல் உலகில் எதுவும் மறைவதில்லை. குப்பையைப் பற்றிய நல்ல படங்கள் யாவும் அந்த மூன்றைத் தேடிப் புறப்பட்டவை எனலாம்.

ஒரு தக்காளியின் வரலாறு

பிரேசில் நாட்டு இயக்குநர் ஜோர்ஜ் புர்த்தாடோ 1989-ஆம் ஆண்டில் 'இலா தாஸ் புளோரெஸ்' என்னும் குறும்படத்தை எடுத்தார். 'மலர்த்தீவு' என்பது அப்பெயரின் பொருள். பதினைந்து நிமிடத்திற்கும் குறைவான அப்படம் 1990-இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக்கரடி விருது பெற்றது. தக்காளி ஒன்று செல்லும் வழியைத் தொடர்ந்து செல்வதே அதன் கதை. ஓர் உழவர் அதனை விளைவிக்கிறார். வாசனைப்பொருள் விற்கும் ஒரு பெண்மணி கடையில் அதனை வாங்குகிறார். குடும்பத்திற்கு உணவு சமைக்கும்போது, இது குழம்புக்கு உதவாது என்று எறிந்துவிடுகிறார். குப்பையோடு குப்பையாக அத்தக்காளி போர்த்தோ அலெக்ரே நகரை ஒட்டிய தீவைச் சென்றடைகிறது.

அங்கே பன்றி வளர்ப்பவர் ஒருவர் இருக்கிறார். குப்பையில் பன்றிகளுக்கு ஏற்றவை எவை என்று அவருடைய ஆட்கள் பிரித்தெடுக்கின்றனர். பன்றிக்கும் உதவாது என ஒதுக்கப்பட்டவற்றை எடுத்துக்கொள்ள, வேலிக்கு வெளியே காத்திருக்கும் பெண்களும் சிறுவர்களும் பத்துப் பத்துப் பேராக உள்ளே விடப்படுகின்றனர். ஒவ்வொரு குழுவினருக்கும் ஐந்து நிமிடம். மனிதர் ஏன் பன்றிக்குப் பின் நிற்கவேண்டும்? பன்றிக்கு உரிமையாளர் ஒருவர் உண்டு. அம்மனிதர்களுக்குப் பணமும் இல்லை, உரிமையாளரும் இல்லை. படம் தரும் விடை இதுவே.

இப்படத்தில் கொடியவர் எவரும் இல்லை என்பதை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். உழவர் நல்லவர், தக்காளியை எறிந்த பெண்மணி தம் குடும்பத்தைப் பேணுபவர், பன்றி வளர்ப்பவரும் தம் தொழிலைச் செய்கிறார். ஒவ்வொருவரும் 'இது எனக்கு உதவாது' என்னும் சிறு தீர்ப்பை வழங்கி நகர்ந்துவிடுகின்றனர். அத்தீர்ப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, இறுதியில் மனிதர் சிலரைப் பன்றிக்கும் கீழே நிறுத்திவிடுகின்றன. தீய எண்ணம் இல்லாமலே தீமை விளையக்கூடும் என்னும் உண்மையை இதைவிடச் சுருக்கமாக விளக்கிய படைப்புகள் மிகச் சில.

எது விலையுயர்ந்தது?

உதவாது என்று முடிவு செய்யும் அளவுகோலை யார் தந்தார்? 2008-இல் வெளிவந்த 'வால்-ஈ' என்னும் கேலிச்சித்திரப் படத்தை மாணவர் பலர் பார்த்திருப்பர். ஆண்ட்ரூ ஸ்டாண்டன் இயக்கிய அப்படத்தில், குப்பையால் நிறைந்த பூவுலகைவிட்டு மனிதர் விண்கலத்தில் ஏறிச் சென்று ஏறத்தாழ 700 ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. குப்பையை அழுத்திக் கட்டிகளாக்கி அடுக்கும் சிறு இயந்திரம் ஒன்று மட்டும் தனியே உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் அதற்கு நகைப்பெட்டி ஒன்று கிடைக்கிறது. உள்ளே வைர மோதிரம். இயந்திரம் மோதிரத்தை எறிந்துவிட்டு, திறந்து மூடும் பெட்டியைப் பாதுகாக்கிறது. குழந்தைகள் சிரிக்கின்றனர். ஆயினும் அச்சிரிப்புக்குள் ஒரு வினா உள்ளது: விலை என்பது பொருளில் உள்ளதா, பார்ப்பவரிடம் உள்ளதா?

நுகர்ச்சி வெறியைச் சாடிய அப்படத்தின் பெயராலேயே விளையாட்டுப் பொருள்கள் செய்து விற்கப்பட்டன என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். கண்டனத்தையும் விற்பனைப் பொருளாக்கிக்கொள்ள வாணிகத்தால் இயலும். ஆகவே ஒரு படம் நல்ல கருத்தைச் சொல்லிவிட்டது என்பதனாலேயே அதன் அறக்கடமை முடிந்துவிடாது. இவ்வினாவிற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

கதிர் பொறுக்குவோர்

பிரெஞ்சுப் பெண் இயக்குநர் ஆக்னெஸ் வார்தா 2000-ஆம் ஆண்டில் 'பொறுக்குவோரும் நானும்' என்னும் பொருள்படும் ஆவணப்படத்தை எடுத்தார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கையடக்கமான சிறு ஒளிப்பதிவுக் கருவியை ஏந்திக்கொண்டு அவர் நாடெங்கும் பயணம் செய்தார். அறுவடைக்குப்பின் வயலில் சிந்திய கதிர்களைக் குனிந்து பொறுக்கும் மூன்று பெண்களை ஓவியர் மில்லே 1857-இல் தீட்டியிருந்தார். அவ்வோவியத்திலிருந்து தொடங்கி, இக்காலத்தில் யார் பொறுக்குகிறார், எதைப் பொறுக்குகிறார், ஏன் பொறுக்குகிறார் என்று வார்தா தேடுகிறார்.

உருளைக்கிழங்கு வயல் ஒன்றை அவர் காட்டுகிறார். கடையில் விற்பதற்கு உரிய அளவும் வடிவமும் இல்லாத கிழங்குகள் வண்டி வண்டியாகக் கொட்டப்பட்டுக் கிடக்கின்றன. மிகப் பெரியவை, மிகச் சிறியவை, கோணலானவை யாவும் தள்ளுபடி. சுவையில் குறையில்லை, சத்தில் குறையில்லை, சல்லடைக்குப் பொருந்தவில்லை என்பதே குற்றம். அவற்றுள் இதய வடிவில் அமைந்த கிழங்குகளை வார்தா ஆர்வத்தோடு பொறுக்கித் தம் இல்லத்திற்கு எடுத்துச் செல்கிறார்.

கறுப்பு அங்கி அணிந்த வழக்கறிஞர் ஒருவர் சட்டப்புத்தகத்தோடு வயலில் நின்று, அறுவடை முடிந்தபின் பொறுக்குவது உரிமை என்று விளக்குகிறார். அவ்வுரிமை 1554-ஆம் ஆண்டின் அரசாணையிலேயே இடம்பெற்றது. ஆனால் அதே படத்தில், எறியப்பட்ட உணவை எவரும் எடுக்காதிருக்க ஒரு பேரங்காடியார் அதன்மேல் வெளுப்புநீர் ஊற்றிய செய்தியும் வருகிறது. தமக்கு வேண்டாததைப் பிறர் உண்பதையும் பொறாத மனநிலை அது. பிரான்சு நாடு 2016-இல் சட்டம் இயற்றி, 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் விற்காத உணவை உண்ணத் தகாததாக்கி அழிப்பதைத் தடைசெய்தது. அறம் தளர்ந்தவிடத்துச் சட்டம் வந்து தாங்கவேண்டியதாயிற்று.

ஆசிரியராகிய நமக்கு இப்படத்தில் நெருக்கமானவர் ஒருவர் இருக்கிறார். பாரிசு நகரச் சந்தை கலைந்தபின் தரையில் கிடக்கும் காய்களையும் கீரையையும் பொறுக்கி, அங்கேயே நின்று உண்கிறார் அவர். வார்தா அவரோடு பேசுகிறார். அவர் உயிரியலில் உயர்பட்டம் பெற்றவர் என்பது தெரியவருகிறது. இரவு நேரத்தில், வேற்று நாடுகளிலிருந்து வந்து குடியேறியோருக்கு ஊதியம் பெறாமல் எழுத்தறிவிக்கிறார். சொற்களைப் படமாக வரைந்து பொறுமையோடு விளக்கும் அவரைக் கண்டபின், 'குப்பையில் உண்பவர்' என்னும் அடையாளம் நம் மனத்தில் உடைந்துபோகிறது. இரண்டாண்டுகள் கழித்து வார்தா எடுத்த தொடர்ச்சிப் படத்தில் அவர் மீண்டும் வருகிறார். படம் நன்று, ஆனால் இயக்குநர் தம்மைத்தாமே காட்டிக்கொண்ட பகுதிகள் தேவையற்றவை என்று தயங்காமல் கூறுகிறார். வார்தா அக்கருத்தை வெட்டி எறியாமல் படத்தில் வைத்திருக்கிறார். காட்டப்பட்டவர் காட்டியவரை மதிப்பிடுகிறார், அம்மதிப்பீடும் பதிவாகிறது. இருவரும் ஒரே தரையில் நிற்கின்றனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

'வெளியே' என்பது யாருடைய வீடு?

எறிதல் என்றால் வெளியே போடுதல் என்கிறோம். அந்த 'வெளி' எங்கே உள்ளது? சீன இயக்குநர் வாங் ஜியூலியாங் 2016-இல் வெளியிட்ட 'பிளாஸ்டிக் சீனா' என்னும் ஆவணப்படம் இதற்கு விடை தருகிறது. சாந்தோங் மாநிலத்தில் பிளாஸ்டிக் கழிவைத் தரம்பிரித்து உருக்கும் சிறு பட்டறை ஒன்று. அயல்நாடுகளிலிருந்து கப்பலில் வந்த கழிவு அங்கே மலைபோல் குவிந்திருக்கிறது. அக்குவியலுக்கு இடையே இரண்டு குடும்பங்கள் வாழ்கின்றன. ஒன்று உரிமையாளருடையது, மற்றொன்று தொழிலாளியுடையது. தொழிலாளியின் மகளுக்கு வயது பதினொன்று. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு, கழிவைப் பிரித்துக்கொண்டு, குப்பையில் கிடைப்பவற்றைக் கொண்டு விளையாடுகிறாள். பள்ளிக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. தொலைநாட்டில் எவரோ அரை நொடியில் எறிந்த உறை, அச்சிறுமியின் கல்விக்கு உரிய நேரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. எறிந்தவருக்கு அவள் இருப்பதே தெரியாது.

சீன அரசு 2017-இல் அறிவித்து, 2018 ஜனவரி முதல் அயல்நாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகளுக்குத் தடை விதித்தது. தடை வந்தவுடன் உலகம் எறிவதைக் குறைத்துக்கொண்டதா? இல்லை, கப்பல்கள் திசை மாறின. அத்திசைகளுள் ஒன்று நம் மலேசியா. சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில் உள்ள ஜெஞ்சாரோம் என்னும் சிற்றூரில், 2018-இல் உரிமமற்ற தொழிற்சாலைகள் பெருகின. கழிவை எரித்த நாற்றத்தால் மக்கள் துன்புற்றுப் புகார் செய்தனர். அதிகாரிகள் பல தொழிற்சாலைகளை மூடினர். முறைகேடாக நுழைந்த கழிவில் 150 கொள்கலன்கள், 3,737 டன் எடையுள்ளவை, 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாக 2020 ஜனவரியில் அரசு அறிவித்தது. பாசல் உடன்படிக்கையில் பிளாஸ்டிக் கழிவு பற்றி 2019-இல் செய்யப்பட்ட திருத்தம் 2021 முதல் நடப்புக்கு வந்தது.

பிறர் குப்பை நம் வாயிலில் வந்து விழுந்தபோது நாம் சினந்தோம்; அச்சினம் நியாயமானது. ஆனால் நம் குப்பை யாருடைய வாயிலில் விழுகிறது என்று அதே சினத்தோடு கேட்டோமா? அண்டை நாடாகிய சிங்கப்பூர், 1999 முதல் எரித்த குப்பையின் சாம்பலைச் செமாக்காவ் தீவில் கொட்டிவருகிறது. திட்டமிட்டுத் தூய்மையாகப் பேணப்படும் இடம்தான். எனினும் 2035-ஆம் ஆண்டளவில் அது நிறைந்துவிடும் எனக் கணக்கிட்டுள்ளனர். தூய்மையில் சிறந்த நாட்டிற்கும் 'வெளி' என்பது எல்லையுடைய ஓரிடமே.

தமிழில் எடுக்கப்பட்ட ஒரு படத்தையும் ஈண்டு நினைத்தல் கடமை. திவ்ய பாரதி இயக்கி 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' என்னும் ஆவணப்படம், தமிழகத்தில் கையால் மலம் அள்ளும் தொழிலாளரைப் பற்றியது. இந்தியாவில் 2013-இல் இயற்றப்பட்ட சட்டம் இத்தொழிலில் மனிதரை அமர்த்துவதைத் தடைசெய்கிறது. சட்டம் தடைசெய்ததைச் சமூகம் தொடர்ந்து செய்விப்பதைப் படம் முகத்துக்கு நேரே காட்டுகிறது. கழிவை அள்ளுவோர் யாவர் என்பதைப் பிறப்பே முடிவு செய்யும் சாதிமுறையை அது மறைக்கவில்லை. கழிவை வெறுப்பது இயல்பு. அக்கழிவை நமக்காக அகற்றுபவரை வெறுப்பது எவ்வகை நீதி? அழுக்கை உண்டாக்கியவர் தூயவர், அகற்றியவர் தீட்டுடையவர் என்பது கணக்கிலும் பிழை, அறத்திலும் பிழை.

குண்டுமணியும் குப்பையும்

குப்பையைக் காட்டும் படம், காட்டப்படும் மனிதரை எவ்வாறு நடத்துகிறது? முன்னர் நிறுத்திவைத்த வினா இது. லூசி வாக்கர் இயக்கி 2010-இல் வெளிவந்த 'வேஸ்ட் லேண்ட்' இவ்வினாவைத் தானே எழுப்பிக்கொள்கிறது. ரியோ டி ஜெனிரோ நகருக்கு அருகில் ஜார்டிம் கிரமாச்சோ என்னும் மாபெரும் குப்பைமேடு இருந்தது. அங்கே மறுபயனுக்கு உரியவற்றைப் பொறுக்கி வாழ்ந்த தொழிலாளரை ஓவியக் கலைஞர் விக் முனிஸ் நிழற்படம் எடுத்தார். பின்னர் அவர்களையே துணைக்கொண்டு, அக்குப்பைமேட்டுப் பொருள்களாலேயே அவர்களுடைய உருவங்களைப் பெரிய கூடத்தின் தரையில் அமைத்து, மேலிருந்து படம் பிடித்தார். ஒரு படம் இலண்டனில் ஏலம் போயிற்று. விற்றுவந்த பணம் தொழிலாளர் சங்கத்திற்கு வழங்கப்பட்டது.

சில வாரங்கள் அவர்களைக் கலைக்கூடத்திற்கு அழைத்துவந்து, புகழையும் புது உலகையும் காட்டிவிட்டு, மீண்டும் குப்பைமேட்டிற்கே அனுப்புவது சரியா? அவர்கள் மனம் உடைந்துபோகாதா? கலைஞரும் அவருடைய துணைவியாரும் நண்பரும் இதனைப் பற்றி வாதிடும் காட்சி படத்திலேயே உள்ளது. தம்மை அவர்கள் நிலையில் வைத்துப் பார்த்தால், அந்த வாய்ப்பை இழக்கத் தாம் விரும்பமாட்டார் என்பது கலைஞரின் விடை. இருதரப்பிலும் உண்மை இருக்கிறது. பிறருடைய துன்பத்தைக் கலைக்குப் பயன்படுத்திவிட்டுப் பின்னர் மறப்பதும் ஒருவகை எறிதலே. அதே வேளையில், துன்புறுவோர் மனம் உடையும் என்று அஞ்சி நாமே அவர்களுக்காக முடிவெடுப்பது அவர்களைச் சிறுவராக்குவதாகும். கேட்பதும், கேட்டபின் அவர்கள் சொல்வதை மதிப்பதும் ஒன்றே நேர்மையான வழி. அக்குப்பைமேடு 2012-இல் மூடப்பட்டது. நகரம் தூய்மையடைந்தது, ஆனால் அங்கே வாழ்ந்த பலருக்குப் பிழைப்புப் போயிற்று. நல்லதொரு செயலுக்கும் விலை கொடுப்பவர் கடைசி வரிசையில் நிற்பவரே என்பதை மறத்தல் ஆகாது.

படத்தில் ஓரிடத்தில், தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் அத்தொழிலாளரைக் குப்பை பொறுக்குவோர் என்று குறிப்பிடுகிறார். சங்கத் தலைவர் பணிவோடு திருத்துகிறார்: தாங்கள் பொறுக்குவது குப்பை அன்று, மறுபயன் உடைய பொருள். ஒரு சொல்லைத் திருத்துவதால் வயிறு நிறையாது என்பது உண்மை. எனினும் மொழியாசிரியராகிய நாம் அத்திருத்தத்தின் ஆழத்தை அறிவோம். பெயர் மாறும்போது பொருள் மாறுகிறது. பொருள் மாறும்போது அதனைத் தொடுபவரின் நிலையும் மாறுகிறது.

'குண்டுமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் மாறாது' என்று நாம் மாணவருக்குச் சொல்லிவருகிறோம். ஆறுதல் தரும் பழமொழிதான். ஆயினும் அது குண்டுமணியை மட்டுமே மீட்கிறது. சந்தையில் பொறுக்கியவர் பட்டதாரி என்று அறிந்ததும் நம் மனம் நெகிழ்ந்ததே, அவர் எழுத்தறியாதவராக இருந்திருந்தால் நெகிழ்ந்திருக்குமா? குப்பையில் மாணிக்கம் தேடும் கண், மாணிக்கம் அல்லாதவற்றை இரண்டாம் முறையும் எறிந்துவிடுகிறது. இதனை உணர்ந்தவர் அப்பிரேசில் படத்தில் வரும் முதியவர். ஒரு குப்பியை மட்டும் எடுத்து என்ன பயன் என்று கேட்போருக்கு, தொண்ணூற்றொன்பது நூறாகாது, அந்த ஒன்றுதான் நூறாக்குகிறது என்பது அவருடைய விடை. கல்வி பயிலாத அம்முதியவரின் கணக்கில் விலையுயர்ந்த ஒன்று, தாழ்ந்த ஒன்று என்னும் பிரிவில்லை. எந்த ஒன்றும் அந்த ஒன்றே.

மறுப்புகளும் விடைகளும்

அப்படியாயின் எதையுமே எறியக்கூடாதா என்று கேட்கலாம். அங்ஙனம் கூறவில்லை. நஞ்சான மருந்தையும் கெட்ட உணவையும் அகற்றாமலிருப்பது அறியாமை. பழைய பொருள் அனைத்தையும் வீட்டில் அடைத்துவைப்பது பற்றுள்ளமே அன்றி அறமாகாது. வீட்டில் துப்புரவு, ஊரில் சுகாதாரம் ஆகியவை இல்லாதவிடத்து நோய் வளரும். எறிதல் தவறன்று, எண்ணாமல் எறிதல் தவறு, பிறர் தலையில் எறிதல் அதனினும் தவறு.

முற்காலத்தார் சிக்கனமாக வாழ்ந்தனர், நாம் கெட்டுவிட்டோம் என்று புலம்புவதும் முழு உண்மையாகாது. நம் தோட்டப்புறங்களில் மரத்தில் படிந்த ஒட்டுப்பாலும், கிண்ணத்தில் உறைந்த கட்டிப்பாலும் வீணாக்கப்படவில்லை, திரட்டி எடைபோடப்பட்டன. மாவுப்பைத் துணி குழந்தைக்குச் சட்டையாயிற்று; பால்மாவு டின் தண்ணீர் மொள்ளும் குவளையாயிற்று. அவற்றை எண்ணிப் பெருமை கொள்ளலாம். ஆனால் அச்சிக்கனத்தின் பெரும்பகுதி வறுமை கற்பித்தது. வேறு வழியின்றிச் சேமித்ததை அறம் என்று போற்றி, அவ்வறுமைக்கு மாலை சூட்டுதல் கூடாது. வாங்கும் வசதி இருந்தும் அளவோடு வாங்குபவரிடமே சிக்கனம் ஒழுக்கமாகிறது.

தனி ஒருவர் திருந்தினால் போதுமா என்பது மூன்றாவது மறுப்பு. பொருளை விரைவில் பழுதாகுமாறு செய்பவரும், தேவைக்கு மேல் உறையிட்டு விற்பவரும், விதியை மீறிக் கழிவை ஏற்றுமதி செய்பவரும் இருக்கையில், வீட்டில் ஒரு பையை மிச்சப்படுத்துவதால் உலகம் மாறிவிடாது என்பது மெய்யே. சட்டமும் அரசும் வாணிகமும் திருந்தவேண்டும். ஆனால் சட்டத்தைக் கேட்டுப் பெறும் மக்கள் எங்கிருந்து வருவர்? ஜெஞ்சாரோமில் புகார் எழுதியோர் அவ்வூர்க் குடிமக்களே. காணும் கண்ணும் கேட்கும் வாயும் உடைய குடிமக்களை உருவாக்குவது பள்ளியின் பணி.

ஆசிரியர் கையிலுள்ள சல்லடை

நம் பள்ளிகளில் கூட்டுத் துப்புரவுப் பணி நடைபெறுகிறது. 'குப்பையைக் குப்பைத் தொட்டியில் போடுவோம்' என்று மாணவர் அழகாகக் கட்டுரை எழுதுகின்றனர். நல்ல பழக்கமே, ஆனால் அது பாதி அறம். எங்கே மறைக்கவேண்டும் என்பதை அது கற்பிக்கிறது. தொட்டிக்குப் பின் என்ன நடக்கிறது, யார் அதனைத் தூக்குகிறார், அவர் பெயர் என்ன என்பவை கற்பிக்கப்படும்போதே அறம் முழுமையடையும். பள்ளியைத் தூய்மை செய்யும் தொழிலாளரின் பெயரை அறிந்த மாணவர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேட்டுப்பார்த்தல் தகும். பழைய செய்தித்தாள் வாங்க வரும் லாரிக்காரரையும், சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் கதவைத் தட்டும் காராங் குனி வணிகரையும் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னால், அம்மாணவர் நூலகத்தில் கிடைக்காத செய்திகளைத் திரட்டி வருவர்.

இறுதியாக, நாம் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒன்றைக் கூறவேண்டும். உருளைக்கிழங்கைத் தள்ளிய சல்லடை ஆசிரியர் கையிலும் உண்டு. 'இவன் தேறமாட்டான்', 'இவளுக்குப் படிப்பு ஏறாது', 'கடைசி வகுப்புப் பிள்ளைகள்தாமே' என்னும் சொற்கள் நம் ஆசிரியர் அறைகளில் ஒலிப்பதில்லையா? மலேசியாவில் ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஒரு சல்லடை நீங்கியது. சலிக்கும் மனம் நீங்கியதா? தேர்வும் தரமும் வேண்டாம் என்பதில்லை. எந்த மாணவருக்கு எவ்வகை உதவி தேவை என்று அறிய மதிப்பீடு வேண்டும். ஆனால் உதவி செய்வதற்கான மதிப்பீடு வேறு. ஒதுக்கிவைப்பதற்கான மதிப்பீடு வேறு. குழம்புக்கு உதவாது என்ற தீர்ப்பு ஒரு தக்காளியை அத்தீவு வரையில் கொண்டுசென்றது. பதினொரு வயதில் 'உதவாதவன்' என்ற சொல்லைக் கேட்ட பிள்ளை எந்தத் தீவில் சென்று ஒதுங்குகிறான் என்பதைச் சொன்ன ஆசிரியர் பெரும்பாலும் அறிவதில்லை.

அப்பிள்ளை பின்னாளில் பெரிய அறிஞனாகிவிடக்கூடும் என்பதற்காக அவனை மதிக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. அது குண்டுமணியைத் தேடும் பழைய கணக்கே. அவன் அறிஞனாகாமல், கூலித் தொழிலாளியாகவே வாழ்ந்தாலும், வகுப்பின் எண்ணிக்கையை நிறைவாக்கும் அந்த ஒன்று அவனே. அவனை விட்டுவிட்டு நாற்பதைக் கணக்கிட்டால் நம் கணக்கு முப்பத்தொன்பதில் நின்றுவிடும்.

எனவே, ஒரு பொருளை எறியுமுன் 'இது எனக்கு உதவுமா?' என்று மட்டும் கேளாமல், 'இதனை யார் எடுப்பார்?' என்றும் கேட்கப் பழகுவோம். முதற்கேள்வியில் நான் மட்டுமே இருக்கிறேன்; இரண்டாம் கேள்வியில் இன்னொரு மனிதர் வந்துவிடுகிறார். பல நாட்டுக் கலைஞர் தம் கருவியைத் தூக்கிக்கொண்டு துர்நாற்றத்திற்கு நடுவே சென்று நமக்குக் காட்டியது அம்மனிதரின் முகத்தையே. அம்முகத்தைக் கண்ட மாணவன் எறியும்போது அவன் கை சற்றே தயங்கும். அத்தயக்கத்தை வளர்ப்பது கல்வியின் கடமை.